நொச்சியும் மௌவலும்

சங்க அகப்பாடல்களில் மனைப்புறத்தே நிற்கும் செடி நொச்சி. அதனைச் சூழப் படர்ந்து பூக்கும் கொடி மௌவல். இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்துப் பாடிய பாடல்கள் மிகுதியாக இல்லை. எனினும் உள்ளவை தம்முள் ஒரு நெறிப்பட்டு நிற்றல் கருதத்தக்கது. பொருள் எழுதப் புகுவோர் பெரும்பாலும் முன்னதனைச் 'செடி' என்றும் பின்னதனை 'மல்லிகை வகை' என்றும் ஒரு சொல்லிற் குறித்து மேற்செல்வர். பூக்களைத் தொகுத்து அட்டவணை செய்யும் ஆராய்ச்சியாளரோ இரண்டனையும் அகரநிரலில் வேறுவேறு பக்கங்களில் வைத்துவிடுவர். புலவன் ஒரே முற்றத்தில் கண்ட இணை அவ்வாறு பிரிந்தொழிகின்றது. பிரிந்த பின்னர்ச் சில பாடல்களின் பொருளும் உடன்பிரிந்து போதலை ஈண்டுக் காட்டக் கருதுகின்றேன்.

முதற்கண் இவை யாவை என்பது தெளிதல் வேண்டும். நொச்சியைப் பற்றி ஐயமில்லை. மூன்றாகவும் ஐந்தாகவும் விரிந்த அதன் சிற்றிலைகளை மயிலின் அடிக்கு ஒப்பிட்டனர் பழம்புலவர். பூவின் நிறத்தை நீலமணிக்கு ஒப்பிட்டனர். இன்றும் சிற்றூர்களில் வேலியில் நிற்பது. தடுமன் கண்டால் வேது பிடிக்க இலை தருவது. அதனைச் செடி என்பதா, மரம் என்பதா எனின், இரண்டும் ஒக்கும். இளமையிற் புதராய், விட்டுவைத்தாற் சிறுமரமாய் வளர்வது அது. புறநானூற்றின் 272ஆம் பாட்டு அதனை மரமென்றே விளிக்கின்றது.

மௌவலின் நிலை வேறு. அதனை மரமல்லிகை என்று கொள்வாரும் உளர். இக்கொள்கை பொருந்துமாறில்லை. இன்று மரமல்லிகை எனப்படுவது நெட்ட நெடிதாக ஓங்கி வளரும் மரம். பர்மா முதலிய கீழைநாடுகளைத் தாயகமாக உடையது. அகநானூற்று 21ஆம் பாட்டில், சுரத்திடை நின்று நெஞ்சொடு பேசும் தலைவன், தன் மனையில் உள்ள இளநொச்சியோடு மௌவலின் வெள்ளரும்புகளைச் சேர்த்து நினைந்து, அவை நிரைபட்டாற் போன்றன தலைவியின் பற்கள் என்கின்றான். கலித்தொகையிலும் (14) பல்லுக்கு மௌவல் அரும்பே உவமை. மரமல்லிகையின் அரும்பு நீண்ட குழல் போல்வது. பல்லுக்கு அஃது எவ்வாறு உவமையாகும்? அன்றியும் ஓர் இளநொச்சியோடு இயைத்துச் சொல்லப்படுவது பெருமரமாக இருத்தல் இயலாது. குறுந்தொகை 19ஆம் பாட்டில் பரணர் மனைமரத்தின்கண் உள்ள மௌவலைக் கூறுகின்றார். மரத்தை இடமாகவும் மௌவலை அதன்மேல் உள்ளதாகவும் பிரித்துக் கூறினமையால், மௌவல் மரத்தைப் பற்றி வளரும் கொடி என்பது போதரும். மல்லிகை இனத்துள் எது என்று வரையறுத்தல் நிலைத்திணை நூலார் கடன். இலக்கியம் கற்பார்க்கு அது கொடி என்னும் துணிவே போதும். அத்துணிவு இன்றேல் அடுத்து வரும் பாட்டு விளங்காது.

அப்பாட்டு அகநானூறு 23. மழை பெய்து ஓய்ந்தது, காட்டில் தளவும் பிடவும் ஒருங்கே கட்டவிழ்ந்தன, காடு மணக்கின்றது, இரலை தன் பிணையைத் தழுவி, நீர் பருகிக் கிடக்கின்றது. இவற்றையெல்லாம் கூறும் தலைவி தோழியை நோக்கி ஒரு வினா எழுப்புகின்றாள். தலைவன் பிரிந்த நாளில், மனையின்கண் உள்ள தாழ்ந்த நொச்சியையும், அதனைச் சூழ்ந்து மலரும் மௌவலையும், கரிய கிளையையும் காட்டி, 'அவ்வளவே' என்று பருவம் குறித்துச் சென்றான். அவன் குறித்த அப்பொருள்முயற்சியின் எல்லை இதுதானோ என்பது அவள் வினா.

இங்குக் கிளை எதனுடையது? மௌவலினது என்று கொள்ளின் சினை என்னும் சொல் நன்கு பொருந்தாது; கொடிக்குச் சினை கூறுதல் அரிது. மௌவலை மரமாக்கினாலோ நொச்சி பாட்டில் வேலையின்றி நிற்கும். நொச்சியின் கிளை என்று கொண்டால் காட்சி முழுமையும் நேராகின்றது. 'மா' என்பதற்குப் பெருமை, கருமை என இருபொருளும் உண்டாயினும், தாழ்ந்த நொச்சிக்குப் பெருங்கிளை கூறுவதினும் கருங்கிளை கூறுதலே இயல்பு. தலைவன் காட்டிய நாளில் கிளை கருமையாகவே இருந்தது. கொடி அதனைச் சுற்றிக்கிடந்தது. கொடி பூத்தாற் கருங்கிளை வெள்ளையாகும். அந்த நாளே எல்லை. எண்ணிக் கணக்கிடவேண்டாத, வாயிலில் நின்று பார்த்தாலே தெரியும் ஒரு நாட்குறி அது. செடி இன்றேல் கொடிக்கு நிலையில்லை. கொடி இன்றேல் செடிக்கு அந்த நாளைக் காட்டும் வெண்மை இல்லை. இரண்டனுள் ஒன்றை நீக்கிப் பாட்டைப் படித்துப் பார்க்க, குறி அழிந்துவிடும்.

இன்னுமொன்று. காடு முழுவதும் பூத்துக் கிடக்கத் தலைவன் குறித்துச் சென்றதோ முற்றத்துப் பூவை. காட்டுப்பூ எல்லார்க்கும் பொதுவான கார்காலத்தைச் சொல்லும்; முற்றத்துப் பூ இவ்விருவர்க்கே உரிய சொல்லை நினைவூட்டும். தலைவியின் வருத்தம் பருவம் வந்ததனால் மட்டும் எழுந்ததன்று. தன் வீட்டு வாயிலே அவன் சொல்லுக்குச் சான்றாகிவிட்டது என்பதனால் எழுந்தது. முல்லைக்குரிய கார்காலப் பாட்டுகளுள் இதனைத் தனித்து எண்ணத்தூண்டுவது இக்கூறே என்பது என் கருத்து.

நற்றிணை 115 இதே இணையை எடுத்துக்கொண்டு எதிர்முடிபுக்குச் செல்கின்றது. அங்கும் நொச்சியும் மௌவலும் முறையே அரும்பவிழக் கார் வந்துவிட்டது. ஆயினும் காதலர் தொலைநாட்டில் இருப்பினும் பேரன்பினர் என்று தலைவியைத் தேற்றுகின்றாள் தோழி. மௌவலுக்கு அடையாக வரும் 'நடு' என்னும் சொல்லை 'நட்ட' என்று கொள்ளலாம், 'நடுவண்' என்றும் கொள்ளலாம். நட்டது என்று கொள்வது சிறக்கும். தானே முளைத்ததற்கும் கையால் வைத்ததற்கும் உள்ள வேற்றுமை இப்பாட்டின் நம்பிக்கைக்கு இயைந்தது. தன் கையால் வைத்த கொடி தவறாது பூத்தாற்போலத் தலைவனும் தவறான் என்பது குறிப்பாகலாம். இதனை வலியுறுத்திக் கூற விரும்பவில்லை; பாட்டு இடந்தருகின்றது என்பதே யான் சொல்வது.

அகநானூறு 117இல் இவ்விணையைத் தாய் பேசுகின்றாள். மகள் உடன்போயினாள். மௌவலொடு பூத்த நொச்சியையும் ஆயத்தாரையும் நினையாது ஓர் அயலான் சொல்லை நம்பிப் போயினாள் என்பது அவள் புலம்பல். இங்கு இணை காலத்தைக் காட்ட வரவில்லை. மகளைக் கட்டி நிறுத்தியிருக்க வேண்டிய பற்றாக வந்தது. பூத்திருந்த வேளையிலேயே அவள் விட்டுச் சென்றாள் என்பதில்தான் தாயின் உள்ளம் நோகின்றது.

இதனோடு நற்றிணை 143, 184 ஆகிய பாடல்களை ஒப்பிடுக. அவையும் மகளைப் பிரிந்த தாயின் கூற்றுகளே. அவற்றில் நொச்சி மட்டுமே வருகின்றது. ஒன்றில் ஆயத்தோடும் மற்றொன்றில் திண்ணையோடும் இணைந்து நிற்கின்றது. மௌவல் இல்லை. புலவர் மறந்தாரல்லர். மகள் போன பின்னர் நாள்தோறும் கண்ணிற்பட்டு வருத்துவது நிற்கும் பொருளாகவே இருத்தல் வேண்டும். கொடிப்பூ ஒரு பருவத்துக்கு உரியது. நொச்சி எப்பருவத்தும் அங்கேயே நிற்கும். மகள் ஆடிய இடத்தைச் சுட்டுவதற்கு நொச்சி போதும். அவள் போன வேளையைச் சுட்டவேண்டிய பாட்டில் மட்டும் மௌவல் உடன்வந்தது.

தனித்து வருமிடங்களிலும் இவ்வேறுபாடு புலனாகின்றது. பரணர் பாட்டில் மௌவல் மாலைப்பொழுதோடு சேர்ந்து, தலைவியின் கூந்தலிற் கமழும் மணமாக வருகின்றது. பூ கண்ணுக்குத் தோன்றவில்லை. தலைவியும் இனித் தனக்கு யார் என்னும் நிலையினளாய் எட்டாது போயினாள். மணம் மட்டும் எஞ்சியது. கொல்லன் அழிசியின் குறுந்தொகை 138இல் நொச்சி செவிக்குப் புலனாகின்றது. ஊர் உறங்கியும் தாம் உறங்காமல், அயலில் நின்ற நொச்சியின் நீலப்பூ உதிரும் ஓசையைக் கேட்டிருந்தோம் என்கின்றாள் தோழி, முன்னைநாள் குறி தப்பிய தலைவன் சிறைப்புறத்தானாக. பூ உதிரும் ஓசை செவிப்படும் அளவுக்கு இரவு அமைதியாக இருந்தது. அவன் வந்திருந்தால் அவ்வடியோசை கேளாமற் போயிராது என்பதே அவனுக்குச் சென்று தைக்கும் பொருள். இவ்விடத்தில் மௌவலை வைத்துப் பார்க்க: பாட்டு நில்லாது.

நொச்சி மனையைவிட்டு மதிலுக்கும் சென்றது. முற்றுகையிட்ட பகைவனுக்கு எதிரே அரணைக் காப்போர் சூடும் பூ அது. தொல்காப்பியர் அதனை உழிஞைத் திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாக்கிற்று. மௌவலுக்கோ அகத்திலும் புறத்திலும் திணைப்பெயர் ஆகும் பேறு இல்லை. உழிஞையும் கொடியாகலின் கொடிக்கும் செடிக்கும் உரிய பகை இதுவென விரித்துரைக்க ஒருவர்க்கு ஆசை எழலாம். அது புலவர் சொல்லாத ஒன்றனை அவர்மேல் ஏற்றுவதாகும்.

மோசி சாத்தனார் 272ஆம் புறப்பாட்டில், வளையணிந்த மகளிரின் இடையில் தழையாகக் கிடப்பதும், மதிலைக் காத்துப் பொருதவன் தலையில் ஏறுவதும் நினக்கே உரியன என்று நொச்சியைப் போற்றுகின்றார். மனையில் நின்று காத்தது மதிலில் நின்று காக்கின்றது என்னும் தொடர்ச்சி அப்புகழ்ச்சியின் அடியில் உள்ளது. அதற்கு முந்திய 271ஆம் பாட்டோ அத்தொடர்ச்சியை இரக்கமின்றி அறுத்துவிடுகின்றது. மெல்லிய மகளிர் உடுத்த தழையாக முன்பு கண்ட அதே நொச்சியை, இப்பொழுது குருதி தோய்ந்து உருமறைந்த மாலையாகக் கண்டோம். ஊன் என்று கருதிப் பருந்து அதனைத் தூக்கிச் சென்றது.