எந்த ரகம் என்று யார் சொல்வது?

பெரியப்பாவுக்கு 2019இல் மருத்துவர் கொடுத்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாளொன்றுக்கு 1 கிராம் உலர்ந்த கஞ்சா, ஆறு மாத காலம். அவ்வளவுதான். நீண்ட காலச் சர்க்கரை நோய் அவருடைய பாதங்களில் தீராத எரிவைக் கொண்டுவந்திருந்தது. போர்வை பட்டாலே காலை இழுத்துக்கொள்வார். நரம்பு வலிக்கான வழக்கமான மாத்திரைகள் பலன் தராமல் போன பிறகுதான் இந்தச் சீட்டு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்தச் சாமான் எண்டு டொக்டர் எழுதேல்லையே, தம்பி?"

எழுதத் தேவையில்லை. கனடாவின் நடைமுறை அது. வலிப்பு நோயாளியான டெரன்ஸ் பார்க்கரின் வழக்கில் 2000ஆம் ஆண்டு ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் நோயாளியின் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டே மருத்துவக் கஞ்சாவுக்குச் சட்டபூர்வமான வழி திறந்தது. விதிகள் பலமுறை மாறிவிட்டன. ஆனாலும் மருத்துவர் தினசரி அளவையும் காலத்தையும் குறித்தால் போதும். எந்த ரகம் என்பதை உரிமம் பெற்ற விற்பனையாளரின் பட்டியலைப் பார்த்து நோயாளியே தேர்ந்தெடுக்கிறார். பொருள் தபாலில் வீட்டுக்கு வருகிறது.

இதில் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். கஞ்சா ஒவ்வோர் உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்கிறது. ஒருவரைத் தூங்கவைக்கும் அளவு இன்னொருவருக்கு நெஞ்சுப் படபடப்பைக் கொடுக்கும். எது ஒத்துக்கொள்கிறது என்று நோயாளியே பார்த்துச் சொல்வதற்கு இந்த முறை இடம் கொடுக்கிறது. கொலராடோவின் சார்லட் ஃபிகி என்ற சிறுமியின் கதை இதற்குச் சாட்சி. டிராவே என்ற கடுமையான வலிப்பு நோயால் வாரத்துக்கு 300 தடவை வரை வலிப்பு வந்த குழந்தை அவள். போதை தராது என்பதால் யாரும் விரும்பாத ஒரு ரகத்திலிருந்து எடுத்த எண்ணெயைக் கொடுத்ததும் அது மாதத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது என்று பெற்றோர் சொன்னார்கள். 2013இல் சிஎன்என் ஆவணப்படம் அதை உலகத்துக்குக் காட்டியது. அங்கே வேலை செய்தது ரகத்தின் பெயர் அல்ல, அதில் நிறைந்திருந்த சி.பி.டி. என்ற சேர்மம். அதே சேர்மத்தைச் சுத்திகரித்து, முறையான சோதனைகளில் நிரூபித்த பிறகுதான் 2018இல் எபிடியோலெக்ஸ் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

ஆனால் பெரியப்பாவின் முன்னால் விரிந்த பட்டியலில் இருந்தவை பெயர்கள்: பிங்க் குஷ், புளூ டிரீம், சவர் டீசல். யாழ்ப்பாணத்தில் கறுத்தக்கொழும்பான் என்றால் எந்த மாம்பழம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒட்டுக் கட்டி வளர்த்த மரம், வாயில் வைத்தால் தெரியும் ருசி. அந்த நம்பிக்கையைக் கஞ்சா ரகங்களின் பெயர்மேல் வைக்க முடியாது. பல ஆண்டுகள் சட்டத்துக்கு மறைவாக, விதையும் கிளையும் கைமாறி வந்த பயிர் அது. அமெரிக்காவில் 20 கடைகளிலிருந்து 30 ரகங்களின் 122 மாதிரிகளை வாங்கி மரபணுவைச் சோதித்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே பெயரில் விற்ற பொருள்கள் பல இடங்களில் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பெயருக்கு மேல் ஒட்டியிருக்கும் சட்டைவா, இண்டிகா என்ற பிரிவும் அப்படியே. சட்டைவா உற்சாகம் தரும், இண்டிகா தூங்கவைக்கும் என்பார்கள். 1785இல் லமார்க் இந்தியாவிலிருந்து வந்த செடிகளைப் பார்த்து இண்டிகா என்று பெயரிட்டது செடியின் உருவத்தை வைத்து, நோயாளியின் தூக்கத்தை வைத்து அல்ல. அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 90,000 மாதிரிகளை அலசிய 2022ஆம் ஆண்டு ஆய்விலும் இந்த லேபிள்கள் உள்ளிருக்கும் வேதிப்பொருளோடு ஒத்துப்போகவில்லை.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? எண்களை. அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. பெரியப்பாவின் முதல் போத்தலில் இரண்டு எண்கள் அச்சாகியிருந்தன: டி.எச்.சி. கிராமுக்கு 7 மில்லிகிராம், மொத்த டி.எச்.சி. கிராமுக்கு 204 மில்லிகிராம். "ஏழுதானே, பயமில்லை" என்றார். கஞ்சாவில் போதை தரும் சேர்மம்தான் டி.எச்.சி. உலர்ந்த பூவில் அதன் பெரும்பகுதி அமில வடிவத்தில் இருக்கிறது. சூடாக்கும்போதுதான் அது போதை தரும் வடிவத்துக்கு மாறுகிறது. ஆவியாக்கி உள்ளிழுப்பவருக்கு ஏழு அல்ல, 204தான் கணக்கு. ஒரு சிட்டிகை, அதாவது 0.1 கிராம், 20 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி.யைத் தாங்கியிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு 2.5 மில்லிகிராம் போதும் என்பதுதான் வழக்கமான அறிவுரை. அன்றிரவு பெரியப்பா குளியலறைச் சுவரைப் பிடித்தபடி, தலை சுற்றுகிறது என்று கூப்பிட்டார். விழுந்திருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கும்.

இந்த முறையின் ஆழமான குறை இங்கேதான் இருக்கிறது. ரகம் சொல்லாமல் கிராம் மட்டும் சொல்வது அளவே அல்ல. டி.எச்.சி. மிகக் குறைந்த ரகத்தில் 1 கிராம் என்பது 10 மில்லிகிராமைக்கூடத் தொடாது. அவருடைய ரகத்தில் அதே 1 கிராம் 200ஐத் தாண்டும். ஒரே சீட்டு, இருபது மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பை, வலியில் தூக்கம் கெட்டு, ஆங்கில லேபிளைக் கண்ணாடி போட்டுப் படிக்கும் 74 வயது மனிதரிடம் விட்டிருக்கிறோம். இதை நோயாளியின் சுதந்திரம் என்று அழைப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

நெதர்லாந்தில் வேறு வழி. 2003 முதல் மருத்துவர் சீட்டில் பொருளின் பெயரையே எழுதுகிறார், மருந்துக்கடை கொடுக்கிறது. பெட்ரோகேன் என்றால் டி.எச்.சி. சுமார் 22 சதவீதம். பீடியோல் என்றால் டி.எச்.சி. 6.3, சி.பி.டி. 8. தேர்வு சிறியது, ஆனால் இன்று வாங்குவதும் அடுத்த மாதம் வாங்குவதும் ஒன்று. அதனால்தான் அவற்றை வைத்து ஒழுங்கான சோதனையும் செய்ய முடிகிறது. லெய்டனில் தசைநார் வலி நோயுள்ள 20 பெண்களிடம் நடத்திய சோதனை 2019இல் வெளியானது. பீடியோலை உள்ளிழுத்தபோது 18 பேருக்கு வலி 30 சதவீதமாவது குறைந்தது. மருந்தில்லாத போலிப் பொருளுக்கும் 11 பேருக்குக் குறைந்தது. நம்பிக்கையே வலியை இவ்வளவு தணிக்குமானால், "இந்த ரகம் எனக்கு அற்புதமாக வேலை செய்தது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது? மணம் தரும் டெர்பீன்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்களும் உண்டு. மனிதரிடம் அதற்கான சான்று இன்னும் மெலிது.

பெரியப்பாவுக்கு உதவியது ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி. பூவை விட்டுவிட்டு, டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் சமமாக உள்ள எண்ணெய்க்கு மாறினார். இரவில் ஒரே நேரம், ஊசியில்லாத சிறு சிரிஞ்சில் அளந்து, மிகக் குறைவாகத் தொடங்கினார். தேதி, மில்லிகிராம், வலிக்குப் பத்தில் எத்தனை, எத்தனை மணிநேரத் தூக்கம், காலையில் தலை சுற்றியதா என்று ஒவ்வொரு நாளும் எழுதினார். அளவைக் கூட்டினால் ஒரு வாரம் பொறுத்தார். ஏழாவது வாரம் வலி எட்டிலிருந்து ஐந்துக்கு வந்து நின்றது. போர்வையைப் பொறுத்துக்கொண்டார். அதற்குக் கீழே இறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெரியம்மா அந்தப் போத்தலை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார். கஞ்சா என்ற சொல் வீட்டில் ஒலிப்பதே அவருக்கு வெட்கம். அதனால் மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லவில்லை. பெரியப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர். சி.பி.டி. அதன் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவு வரை கொண்டுபோகக்கூடும். தற்செயலாக நான் கேட்டபோதுதான் மருந்தாளர் உடனே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, வார்ஃபரின் அளவைக் குறைக்கச் செய்தார்.

இப்படி ஒரு சீட்டு உங்கள் வீட்டிலும் இருந்தால், முதல் போத்தலை வாங்குவதற்கு முன் நீங்கள் எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மருந்தாளரிடம் போங்கள். மில்லிகிராமில் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு, அதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.