விரிதாள் பகிர்வை நிறுத்துதல்: பொறுப்பு மாறியும் கைமாறாத கணக்கு

பலர் சேர்ந்து பயன்படுத்தும் விரிதாள் கோப்பிலிருந்து ஒருவரையோ எல்லோரையுமோ விலக்குவது பகிர்வு நிறுத்தம் எனப்படுகிறது. உதவிப் பக்கங்கள் இதை நான்கைந்து சொடுக்குகளில் முடியும் வேலையாக விளக்குகின்றன. சொடுக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, நிறுத்திய பிறகு என்ன மிஞ்சுகிறது என்ற இரண்டு கேள்விகளை அந்த விளக்கங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. சிறிய ஊர்களின் சிறிய அமைப்புகள் இடறி விழுவது இந்த இரண்டில்தான்.

1979இல் வந்த விசிகால்க் முதல் நீண்ட காலத்துக்கு விரிதாள் ஒரு கணினியின் முன் ஒருவர் அமர்ந்து செய்யும் வேலையாகவே இருந்தது. 2006 ஜூன் மாதம் கூகுள் தன் இணைய விரிதாளைச் சோதனை முறையில் வெளியிட்டது. அதன் பிறகு ஒரே தாளில் பலர் ஒரே நேரத்தில் எழுதுவது சாதாரணமாயிற்று. இன்று கல்லூரி விழாக் குழு முதல் கோயில் திருப்பணி நன்கொடைப் பட்டியல் வரை இப்படித்தான் எழுதப்படுகிறது. சுட்டி வாட்ஸ்அப் குழுவில் போடப்படுகிறது.

ஒரு குழுவின் கணக்கு

வத்தலக்குண்டு, திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில், கொடைக்கானல் மலைக்குப் போகும் வழியில் உள்ள பேரூர். வெற்றிலைக் கொடிக்கால்களால் பெயர் பெற்ற ஊர். 'வெற்றிலைக்குண்டு'தான் வத்தலக்குண்டு ஆயிற்று என்று சொல்வதும் உண்டு. தமிழ்நாட்டின் மற்ற ஒன்றியங்களைப் போலவே வத்தலக்குண்டு ஒன்றியத்து ஊர்களிலும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன. தமிழ்நாட்டில் இந்த இயக்கம் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. ஒரு குழுவில் பொதுவாகப் 12 முதல் 20 பெண்கள். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு சிறு பாஸ்புத்தகம்.

இப்படிப்பட்ட ஒரு குழுவில் பொறுப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தால், காகிதக் கணக்கில் பகிர்வு எப்படி நிறுத்தப்பட்டது என்பது விளங்கும். கூட்டம் கூடுகிறது. ஊக்குநரை மாற்றுவதாகத் தீர்மானம் எழுதி உறுப்பினர்கள் கையெழுத்திடுகிறார்கள். அந்தத் தீர்மானத்தின் நகல் வங்கிக்குப் போகிறது. பழைய கையெழுத்து செல்லாமல் போய்ப் புதிய கையெழுத்து பதிவாகிறது. புத்தகங்களும் பெட்டிச் சாவியும் அடுத்தவர் வீட்டுக்குப் போகின்றன. பழைய ஊக்குநருக்கு இதில் வருத்தம் இருக்கலாம், சண்டைகூட வரலாம். ஆனாலும் விலக்குவது குழு, விலகுவது ஒருவர். புத்தகம் ஒன்றே ஒன்று என்பதால் அது ஒரு வீட்டைவிட்டுப் போனால் போனதுதான்.

இதே குழு கணக்கை விரிதாளுக்கு மாற்றியதாக வைத்துக்கொள்ளலாம். தட்டச்சு தெரிந்தவர் பெரும்பாலும் ஊக்குநரின் கல்லூரி படிக்கும் மகளோ மகனோ. கோப்பு அந்தப் பிள்ளையின் மின்னஞ்சல் கணக்கில் பிறக்கிறது. உறுப்பினர் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், யார் எவ்வளவு உட்கடன் வாங்கினார், யார் எத்தனை தவணை தவறினார் என எல்லாம் அதில் ஏறுகின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்து ஊக்குநர் மாறுகிறார். தீர்மானப் புத்தகம் வழக்கம்போலப் புதியவர் வீட்டுக்குப் போகிறது. விரிதாள் போவதில்லை.

கூகுள் ஷீட்ஸின் விதிப்படி கோப்புக்கு உரிமையாளர் ஒருவர்தான். உரிமையாளர் யாரை வேண்டுமானாலும் விலக்கலாம். திருத்தும் அனுமதி பெற்றவர்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் உரிமையாளரை விலக்க முடியாது. உரிமையை மாற்ற வேண்டுமென்றால் உரிமையாளரே முன்வந்து மாற்ற வேண்டும். தனிநபர் கணக்குகளில் புதியவர் அதை ஏற்கவும் வேண்டும். மாற்றிய பிறகும் பழையவர் திருத்துநராகத் தொடர்கிறார். அவரைத் தனியாக நீக்க வேண்டும். இருபது பெண்களின் பணக்கணக்கைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம், அந்தக் குழுவில் உறுப்பினராகவே இல்லாத ஒரு மாணவரிடம் போய்ச் சேருகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது. மென்பொருள் 'கூட்டுப்பணி' என்று பேசினாலும் அதன் சட்டம் தனிச்சொத்துச் சட்டம். அதன் அடிப்படைக் குறை இதுவே. குழு கையாளக்கூடிய பொது மின்னஞ்சல் கணக்கு ஒன்றில் கோப்பைத் தொடங்கினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். தொடங்கும்போது அதை யாரும் நினைப்பதில்லை, மென்பொருளும் நினைவூட்டுவதில்லை.

எத்தனை கதவுகள்

உரிமையாளரே நல்ல மனத்தோடு நிறுத்த முன்வந்தாலும் வேலை ஓரிடத்தில் முடிவதில்லை. 'ஷேர்' பொத்தானை அழுத்தினால் வரும் பெட்டியில் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே பெயர் பெயராகச் சேர்க்கப்பட்டவர்கள். கீழே பொது அனுமதி: 'ரெஸ்ட்ரிக்டெட்' என்றால் மேலே உள்ளவர்கள் மட்டும், 'எனிஒன் வித் த லிங்க்' என்றால் சுட்டி கையில் உள்ள எவரும். பலர் செய்யும் தவறு, மேலே உள்ள பெயரை நீக்கிவிட்டுக் கீழே உள்ளதை அப்படியே விட்டுவிடுவது. நீக்கப்பட்டவர் வாட்ஸ்அப்பில் கிடக்கும் பழைய சுட்டியை அழுத்தி மறுபடி உள்ளே வருவார். அப்போது அவர் பெயர்கூடத் தெரியாது. பெயரற்ற விலங்காக, ஒரு கேபிபாராவாகவோ வௌவாலாகவோ திரையின் மூலையில் தோன்றுவார். பெயரோடு இருந்தவரை முகமூடி போட்டு மீண்டும் உட்கார வைத்ததுதான் மிச்சம். மறுதலையும் உண்டு. கீழே பூட்டிவிட்டு மேலே பெயர்களை விட்டுவைத்தால், அவர்களுக்கு எதுவும் மாறுவதில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சுட்டி அனுமதியை மூடிவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தால் புதிய சுட்டி பிறப்பதில்லை. கோப்பின் முகவரி அதேதான். பழைய செய்திகளில் கிடக்கும் சுட்டிகள் எல்லாம் மறுபடி உயிர்பெறும். வீட்டுப் பூட்டை மாற்றுவது போன்ற வசதி இங்கே இல்லை. கோப்பை நகலெடுத்துப் புதிய முகவரியில் தொடர்ந்து, பழையதை அழிப்பது ஒன்றே வழி. நகலில் பழைய திருத்த வரலாறு சேர்ந்து வராது என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நன்மை. மூலக்கோப்பில் திருத்தும் அனுமதி உள்ள எவரும், என்றோ அழித்த ஆதார் எண்களைக்கூட அந்த வரலாற்றில் திருப்பிப் பார்க்க முடியும்.

பெட்டிக்கு வெளியிலும் கதவுகள் உண்டு. கோப்பு ஒரு பகிர்ந்த கோப்புறைக்குள் இருந்தால் அனுமதி அங்கிருந்தும் வழியும். கூகுள் குழு ஒன்றுக்கு மொத்தமாகப் பகிர்ந்திருந்தால், விலகியவரை அந்தக் குழுவின் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். 'பப்ளிஷ் டு வெப்' என்ற இணையப் பதிப்பு தனிக் கணக்கு. பகிர்வை முழுக்க மூடினாலும் அது திறந்தே கிடக்கும், அதற்குரிய இடத்தில் போய்த்தான் நிறுத்த வேண்டும். இம்போர்ட்ரேஞ்ச் என்ற சூத்திரத்தால் வேறொரு தாள் இந்தத் தாளின் எண்களை இழுத்துக்கொண்டிருந்தால், அந்த இணைப்புக்கு அனுமதி தந்தவரை மூலத்தாளிலிருந்து நீக்கும்வரை அது நிற்காது. திருத்துநர்கள் தாங்களே மற்றவர்களைச் சேர்க்கும் உரிமை தொடக்கத்திலேயே திறந்துதான் இருக்கிறது; அமைப்புச் சக்கரத்தை அழுத்தி அதை எடுத்துவிட வேண்டும். தாளை மறைப்பதும் கட்டங்களைப் பாதுகாப்பதும் பூட்டு அல்ல. அதைக் கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. குறித்த நாளில் அனுமதி தானாகக் காலாவதியாகும் வசதி ஒன்று உண்டு. சுய உதவிக் குழுவுக்கு மிகவும் தேவையானது அதுதான்; ஆனால் அது பணம் கட்டும் நிறுவனக் கணக்குகள் சிலவற்றில் மட்டுமே கிடைக்கிறது.

மைக்ரோசாப்ட் இதில் ஒரு படி மேல் என்று சொல்ல வேண்டும். ஒன்டிரைவில் உள்ள எக்செல் கோப்பின் அனுமதிப் பகுதியில் 'ஸ்டாப் ஷேரிங்' என்ற ஒரே கட்டளை உண்டு. கோப்பில் தரப்பட்ட சுட்டிகளும் பெயர்களும் சேர்ந்தே விலகுகின்றன. பழைய எக்செலின் 'ஷேர்டு ஒர்க்புக்' முறையோ நேர் எதிர். அதில் பகிர்வை எடுத்துவிட்டால் மாற்றங்களின் வரலாறு அழிந்துவிடும்; அந்த நேரத்தில் மற்றவர் சேமிக்காமல் வைத்திருந்த வேலையும் போய்விடும். நிறுத்துபவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்ற பழைய மரியாதையை அந்தக் குறை கட்டாயமாக்கியது என்றும் சொல்லலாம்.

நிறுத்தாமல் விட்டவையும் நிறுத்திக் காட்டியதும்

2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா இரண்டாம் அலையின்போது, ஆக்சிஜன், படுக்கை, மருந்து இருக்கும் இடங்களைத் தன்னார்வலர்கள் பொது விரிதாள்களில் திரட்டினார்கள். அந்த வாரங்களில் எவரும் திருத்தலாம் என்ற திறப்பே பலரைக் காப்பாற்றியது. அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அலை தணிந்த பிறகு அப்படிப்பட்ட பட்டியல்களை மூடுவது யாருடைய பொறுப்பு என்று தொடக்கத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை. உதவி கேட்டுச் சமூக ஊடகங்களில் எண்ணைக் கொடுத்த பெண்களுக்கு ஆபாசச் செய்திகளும் அழைப்புகளும் வந்ததாக அதே மாதங்களில் செய்திகள் வெளியாயின. விரிதாளில் ஏறிய எண்ணுக்கும் இதே கதி நேரலாம். வேறுபாடு ஒன்றுதான்: ஒருவர் தன் சமூக ஊடகப் பதிவைத் தானே அழித்துவிட முடியும், பிறர் தொடங்கிய தாளில் உள்ள தன் வரிசையை எல்லா இடத்திலும் அழிக்க அவரால் முடியாது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் அதே காலத்தில் உண்டு. 2020 மார்ச்சில் தொடங்கிய 'கோவிட்19இந்தியா' தன்னார்வத் தளம், மாநிலங்களின் அறிக்கைகளைத் தொகுத்துக் கூகுள் விரிதாள்களில்தான் தன் தரவை நடத்தியது. 2021 அக்டோபர் 31 அன்று நிறுத்தப்போவதாக ஆகஸ்ட் மாதமே அறிவித்து, அந்த நாளில் புதுப்பிப்பதை நிறுத்தியது. அதுவரை சேர்ந்த தரவு பொதுவில் விடப்பட்டது. ஒரு தாளை முடித்துக்கொள்வதை ஒரு செயலாகவே மதித்து, நாள் குறித்துச் செய்தார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. முன்கூட்டிச் சொன்ன ஒரு தேதி போதுமானதாக இருந்தது.

இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இல் ஒரு நல்ல விதி உள்ளது. ஒருவர் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, அதைத் தந்தபோது இருந்த எளிமைக்கு ஒப்பான எளிமையோடு இருக்க வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. ஒப்புதலுக்குச் சொன்ன அந்த அளவுகோலைப் பகிர்வுக்கும் வைத்துப் பார்த்தால் குறை பளிச்சென்று தெரியும். பகிர ஒரு சொடுக்கு. நிறுத்தக் குறைந்தது ஐந்து இடங்கள். அதுவும் அந்த ஐந்து எவை என்று தெரிந்தவருக்கு.

வத்தலக்குண்டு ஒரு இலக்கிய ஊரும்கூட. பி.ஆர். ராஜமையர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா மூவரோடும் தொடர்புடைய ஊர். 1959 ஜனவரியில் செல்லப்பா சென்னையிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே அறிவித்தார். அவர் எண்ணியது வேறு. தரத்தைப் பற்றிய பிடிவாதம் அது. எனினும் எத்தனை கைகளுக்குப் போகலாம் என்பதைக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்வது பதிப்புத் துறையில் இயல்பானது என்பதை அது காட்டுகிறது. அச்சான பிரதியைத் திரும்பப் பெற முடியாது என்று அச்சுக்கூடத்தார்க்குத் தெரியும். விரிதாள் மட்டும், திரும்பப் பெற முடியும் என்ற நினைப்பைத் தருகிறது. அனுமதி இருந்த நாளில் ஒருவர் தரவிறக்கிய கோப்பும், எடுத்த நகலும், திரைப்பிடிப்பும் எந்தப் பொத்தானுக்கும் கட்டுப்படுவதில்லை. பார்வையாளர்கள் தரவிறக்குவதைத் தடுக்கும் தெரிவு உண்டு. திரையைப் படம் பிடிக்கும் கைபேசியை அது தடுக்காது.

குழுக் கணக்குக்கு வருவோமானால், அந்த மாணவர் படிப்பு முடித்துக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போய்விடுகிறார். கல்லூரி நாளில் வைத்திருந்த மின்னஞ்சலைப் பிறகு திறப்பதே இல்லை. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. கணக்கு போனால் அதன் கோப்புகளும் போகும். அப்போது பகிர்வு எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றுவிடும். திருத்தும் அனுமதி உள்ள ஒருவர் அதற்கு முன்பே தன் கணக்கில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் கணக்கு தப்பும். இல்லையென்றால் உறுப்பினர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பாஸ்புத்தகங்களைத் தேடியெடுத்து, கடன் பேரேட்டை முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.