ஆண் ஹார்மோன் என்றொரு பெயர்

மன்னார்குடியில் என் பெரியம்மா மகள் அக்கா செல்போனில் பேசுவதையே விட்டுவிட்டார். குரல் கட்டையாகிவிட்டது, எதிர்முனையில் "தம்பி" என்றார்கள். மாதவிலக்கு நின்று நான்கு மாதம், மோவாயில் ரோமம். பெரியம்மா குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசினார். பிறகு பார்லர். மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு எட்டக்கூடாது என்பதே வீட்டின் முதல் கவலை. ஒரு வார இதழின் மருத்துவப் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஆண் ஹார்மோன் கூடிப்போச்சாம்டி" என்று பெரியம்மா என்னிடம் கிசுகிசுத்தார்.

மருத்துவக் கட்டுரைகள் கூசாமல் கையாளும் அந்தப் பெயரைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஆண்ட்ரோஜெனைப் பெண்ணின் சினைப்பையே சுரக்கிறது. அட்ரினல் சுரப்பியும் சுரக்கிறது. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜென் உருவாவதே ஆண்ட்ரோஜெனிலிருந்துதான். நெல்லை அந்நியம் என்று சொல்லிவிட்டு அரிசியை மட்டும் நம்முடையது என்பதுபோல் இருக்கிறது இந்தப் பாகுபாடு. 1934இல் பெர்ன்ஹார்ட் ஸோன்டெக் ஆண் குதிரையின் சிறுநீரில் 'பெண் ஹார்மோன்' ஏராளமாக இருப்பதைக் கண்டார். குதிரையின் ஆண்மையை அதற்காக யாரும் சந்தேகிக்கவில்லை. பெயர்களும் மாறவில்லை.

பெண்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கம் பாலினச் சோதனைக்குப் பின் பறிக்கப்பட்டது. 2014இல் டூட்டி சந்த் டெஸ்டோஸ்டிரோன் அளவின் பேரில் தடைசெய்யப்பட்டு, வழக்காடித்தான் திரும்ப ஓடினார்.

ஓட்டக்களத்தில் பதக்கம் போகிறது. நோயில் காலம் போகிறது. அக்காவுக்கு வந்தது செர்டோலி-லேடிக் என்னும் அரிய கட்டி. சினைப்பையில் தோன்றி, தானே ஆண்ட்ரோஜெனைச் சுரக்கும். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும். சீக்கிரம் கண்டால் அறுவைச் சிகிச்சையிலேயே பெரும்பாலோர் குணமாகிறார்கள். சில மாதங்களுக்குள் ரோமமும் குரல் மாற்றமும் சேர்ந்து வந்தால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். பிசிஓடி உள்ள பெண்கள் இதைப் படித்துப் பயப்படத் தேவையில்லை. அதில் ரோமம் மெதுவாக, வருடக்கணக்கில் வரும். அது சினைப்பைப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று ஆய்வுகள் நிறுவிவிடவில்லை.

மாதவிலக்கு நின்ற வயதில் அதிகம் காணப்படும் வழக்கமான சினைப்பைப் புற்றுநோயில் கதை இன்னும் சிக்கலானது. அந்தக் கட்டிகள் பலவற்றில் ஆண்ட்ரோஜெனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அதனால் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்துகளை இங்கேயும் கொடுத்துப் பார்த்தார்கள், சிலருக்கே பலன். ஆண்ட்ரோஜென் இதை எந்த அளவு வளர்க்கிறது என்பது இன்னும் முடியாத விவாதம். இந்த நோய் முகத்தில் எதையும் காட்டாது. வயிறு உப்பும், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடும், அடிக்கடி சிறுநீர் வரும். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வாயு. ஓமத்தண்ணீர் குடித்தே மாதங்கள் போகும்.

ஏழாவது மாதம்தான் அக்காவைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார்கள். ஒரு பக்கச் சினைப்பையோடு கட்டியை எடுத்தார்கள். மாதவிலக்கு திரும்பியது, குரல் முழுதாகத் திரும்பவில்லை. "வெளியில கேட்டா என்னன்னு சொல்றது?" என்பதே பெரியம்மா டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி. இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்கு நீர்க்கட்டி என்றுதான் பெயர்.