அணையும் ஜனநாயகமும்

நதிப் பள்ளத்தாக்கின் நிர்வாகம் அங்கு வாழும் மக்களின் பங்களிப்போடு நடைபெற வேண்டுமென்பதே, அமெரிக்க டெனஸி பள்ளத்தாக்கு அதிகாரசபையின் தலைவராயிருந்த டேவிட் லிலியந்தால் 1944இல் வெளியிட்ட நூலின் சாரம். அச்சபையை முன்மாதிரியாகக் கொண்டே 1949இல் இலங்கையில் கல்லோயா அபிவிருத்திச் சபை பிறந்தது. பட்டிப்பளையாறு என்று மட்டக்களப்புத் தமிழர் வழங்கிய ஆறு அது. (பெயரையும் சேர்த்தே மறித்துவிட்டனர் போலும்!) அமெரிக்கக் கம்பனி அணை கட்டியது, நெல்லும் விளைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் குடியேறுவோர் எவரெனத் தீர்மானித்தது கொழும்பு. வாவிக்கரைத் தமிழ், முஸ்லிம் உழவரை யார் கேட்டார்கள்? லிலியந்தாலின் நூலில் அணையைப் பற்றிய பக்கங்களை மட்டுமே நம் ஆட்சியாளர் புரட்டினர் என்றே நாம் கருதுகிறோம். குடியேறிய சிங்கள உழவனும் நிலமற்ற ஏழையே. அவனிடம் எமக்குப் பகையில்லை. ஆயினும் 1956 ஜூனில் அப்பள்ளத்தாக்கிலேயே தமிழரின் இரத்தம் சிந்தியது. 1961இல் அம்பாறை மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று.