கரியின் இரு முகங்கள்: திரவ கிராஃபைட்டும் அரபு எழுத்தணியும்

அரபு எழுத்தணிக் கலைஞரின் மேசைக்கு இன்று புதியதொரு மை வந்து சேர்ந்துள்ளது. கிராஃபைட் தூளை நீருடனும் பிணைபொருளுடனும் கலந்து குப்பியில் அடைத்து விற்கும் திரவ கிராஃபைட்டே அது. தூரிகையாலும் நாணற்கோலாலும் தொட்டு எழுதலாம். உலர்ந்ததும் பென்சில் கோட்டின் சாம்பல் மினுக்கம் தோன்றும். இதன் சில வகைகள் உலர்ந்த பின்னரும் நீர் பட்டாற் கரையும். கலப்பு ஊடக ஓவியர்கள் இதனை விரும்புவதில் வியப்பில்லை. ஆயின், எழுத்தணிக்கு இது எவ்வளவு தூரம் உகந்தது என்பதே நமது வினா.

கரைத்துத் திருத்தும் வசதியைப் புதுமையென வியப்போர் மரபு மையின் இயல்பை மறந்துவிடுகின்றனர். அதுவும் கரியே, விளக்குப் புகைக்கரியை அரபுப் பிசினுடன் பொறுமையாக அரைத்துப் பெறுவது. 1557இல் நிறைவுற்ற இஸ்தான்பூலின் சுலைமானிய்யாப் பள்ளிவாசலில், எண்ணெய் விளக்குகளின் புகை வாயிலின் மேலுள்ள அறையொன்றிற் சேரும்படி காற்றோட்டம் அமைந்திருந்தது. அங்கு படிந்த கரி மையாயிற்று. முட்டை வெண்கருவும் படிகாரமும் பூசி, கல்லால் மெருகேற்றிய தாளில் இம்மை ஊறுவதில்லை, மேலேயே தங்கும். எனவே பிழையை ஈரத்தால் துடைத்துவிடலாம். நாவால் நக்கி அழித்தோரும் உண்டு. கற்றறிந்தவரை ‘மை நக்கியவர்’ எனக் கூறும் துருக்கிய வழக்கை இதனோடு தொடர்புபடுத்துவர்.

உண்மையிற் புதியது மினுக்கம்தான். சிக்கலும் அங்கேயே உள்ளது. புகைக்கரியின் நுண்துகள்கள் ஒளியை விழுங்குவதால் எழுத்து எத்திசையிலிருந்தும் கறுப்பாகவே தெரியும். கிராஃபைட்டின் துகள்களோ தட்டையான செதில்கள். தாளிற் படுத்துக் கிடந்து ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு கோணத்திற் கருமையாகத் தெரியும் அலிஃப், மறு கோணத்தில் வெளிறிவிடும். இப்னு முக்லா (மறைவு 940) எழுத்துகளுக்கு வகுத்த அளவைமுறை, கோல் இடும் புள்ளியை அலகாகக் கொண்டது. விளிம்பு தெளிவாயிருந்தாலன்றி அந்த அளவைக் கண் உணராது.

நாமும் இதனை நாணற்கோலால் எழுதிப் பார்த்தோம். செதில்கள் விரைவில் அடியிற் படிகின்றன. அடிக்கடி கலக்க வேண்டியிருந்தது. மைக்கூட்டில் இடும் பட்டு நூற்பஞ்சான லீக்கா அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள, கோலுக்கு வெளிறிய நீரே கிடைத்தது. மரபு மையிலும் கருமை ஏறி இறங்கும். ஆனால் அது கை சென்ற வழியைக் காட்டும். இங்கு தெரிந்ததோ குப்பியைக் கலக்கிய நேரம்!

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. பயிற்சியற்ற கைக்கு மினுக்கம் நல்லதொரு திரையாகிவிடுகின்றது. கோணிய வாவும் கழுத்துத் தடித்த ஐனும் சாம்பற் பூச்சின் பின்னே மறைந்து, ‘நவீனம்’ என்ற பெயரிற் சட்டகம் ஏறுகின்றன.

எனினும் திரவ கிராஃபைட்டை நாம் முற்றாக நிராகரிக்கவில்லை. எழுத்தின் மேல் எழுத்தாகத் தாளை நிரப்பும் ஈரானிய ஸியாஹ் மஷ்க், பயிற்சித் தாளாகத் தொடங்கித் தனிக்கலையாக வளர்ந்தது. அங்கே வாசிப்பை விட அசைவும் அடர்த்தியுமே முதன்மை. அத்தகைய ஆக்கத்திற் கீழடுக்கைத் திரவ கிராஃபைட்டால் எழுதி, மேலடுக்கைப் புகைக்கரி மையால் எழுதலாம். பார்ப்பவர் நகரும்போது அடியெழுத்துத் தோன்றி மறைய, மேலெழுத்து நிலைத்து நிற்கும். ஒரே கரி, இரு முகம். கீழடுக்கிற்கு நீரிற் கரையாத வகையையே தெரிவு செய்தல் வேண்டும். இல்லையேல் மேலே ஓடும் மையின் ஈரம் அதனை இளக்கி, இரண்டையும் ஒரே சாம்பற் கறையாக்கிவிடும்.