பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு

பிரிண்டர் எது வாங்கலாம் என்று கேட்டால் இப்போதெல்லாம் ஒரே பதில்தான்: "டேங்க் பிரிண்டர் வாங்கிடுங்க, பக்கத்துக்கு சில பைசாதான் ஆகும்." எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

உண்மையான பாதி இது. எச்.பி. 680 கருப்பு கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்படும் கணக்கு 480 பக்கம். எப்சன் 003 கருப்பு மை, 65 மில்லி பாட்டிலுக்கு 4,500 பக்கம். ஒரு பாட்டில் ஒன்பது கார்ட்ரிட்ஜுக்குச் சமம்.

ஆனால் இரண்டு எண்ணுமே ஐ.எஸ்.ஓ. 24712 தரத்தின் மாதிரிப் பக்கங்களை வைத்துப் போட்டவை. அதில் தமிழ்ப் பக்கம் கிடையாது. சோதனையில் பக்கங்கள் தொடர்ச்சியாக ஓடுகின்றன. வீட்டில் யார் அப்படி ஓட்டுகிறோம்? மூன்று வாரம் சும்மா கிடந்தால் நாசில் காய்கிறது. ஹெட் கிளீனிங் போட்டால், ஒரு பக்கமும் அச்சாகாமலே மை போகிறது.

சென்னீர்குப்பத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆதார், ஹால் டிக்கெட், பிள்ளைகளின் பிராஜெக்ட் என்று மாதம் 10 பக்கம் தேவை என்று வைப்போம். ஜெராக்ஸ் கடையில் பக்கம் 5 ரூபாய் என்றாலும் வருஷத்துக்கு 600 ரூபாய்தான். 12,000 ரூபாய் பிரிண்டரின் விலையை எடுக்க, மை இலவசமாகக் கிடைத்தாலும், 20 வருஷம் ஆகும்! அவர்களுக்குக் கடைதான் லாபம்.

கறுப்பு எழுத்து மட்டும் போதும், ஆனால் விட்டுவிட்டுத்தான் அச்செடுப்பேன் என்பவருக்கு லேசர் சரி. டோனர் பொடி, காயாது. கேனன் எல்.பி.பி. 2900-இன் 303 கார்ட்ரிட்ஜ் சுமார் 2,000 பக்கம் தரும். தீர்ந்தால் பொடி நிரப்பிக்கொள்ளலாம்.

என்னைப்போல ஆய்வுக் கட்டுரைகளைத் தாளில் படிப்பவர்களுக்கு டேங்க் சரிதான். ஆனால் இங்கேயும் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. மை பாட்டில் 400 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 9 பைசா. 500 தாள் கட்டு 250 ரூபாய் என்றால் தாளுக்கு 50 பைசா. பெரிய செலவு தாள்தான், மை இல்லை. தானாக இருபுறமும் அச்சிடும் வசதியோ விலை குறைந்த டேங்க் மாடல்கள் பலவற்றில் இல்லை. விளம்பரம் மையைப் பற்றியே பேசுவதால் இதை யாரும் கேட்பதில்லை.

கடைக்குப் போகுமுன் போன மாதம் எத்தனை பக்கம் அச்செடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணைவிட அதுதான் முக்கியம்.