வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வாரம்

2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு கோரிக்கை வந்தது. படம் வெளியான முதல் மூன்று நாள் யாரும் இணையத்தில் விமர்சனம் வெளியிடக் கூடாது என்று தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் கேட்டது. விமர்சிப்பது கருத்துரிமை என்று சொல்லி, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. கோடிகளைக் கொட்டியவர்களுக்கு முதல் மூன்று நாள் வசூல்தான் உயிர். அவர்கள் பயம் புரிகிறது. சில லட்சங்களைப் புரட்டிப் படமெடுத்தவரின் நிலைமையோ தலைகீழ். அதே மூன்று நாளில் நாலு பேர் எழுதினால்தான் அவர் படத்துக்கு நாலாம் நாள் காட்சி இருக்கும். திட்டித் தீர்த்த விமர்சனத்தால் செத்துப்போன சின்னப் படம் எதையும் நான் கண்டதில்லை. ஒருவரும் ஒரு வரி எழுதாமல் காணாமல் போனவற்றுக்குக் கணக்கே இல்லை.

இந்த மௌனம் எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். பத்திரிகையாளர் காட்சி என்பது சென்னையில் நடக்கும் காரியம். பிரிவியூ தியேட்டருக்கு வாடகை, பிஆர்ஓவுக்குச் சம்பளம், வந்தவர்களுக்குச் சிற்றுண்டி என்று செலவு வைக்கும். அதே நாளில் பெரிய நடிகர் படம் ஒன்று மோதினால் இருக்கைகள் காலியாகவே கிடக்கும். காசு கொடுத்தால்தான் பேசுவோம் என்கிற சேனல்களும் உண்டு. படத்துக்கே கடன் வாங்கியவர் அவர்களுக்குக் கொடுக்க எங்கே போவார்? வெள்ளிக்கிழமை சேலத்தில் ஒரே ஒரு திரை, அதுவும் பகல் காட்சி மட்டும் கிடைக்கும். ஆள் சேரவில்லை என்றால் காட்சி ரத்து. திங்கள்கிழமை படத்தைத் தூக்கிவிடுவார்கள். வார இதழில் நல்ல விமர்சனம் வந்து, படித்தவர் கிளம்பிப் போனால் தியேட்டரில் வேறு படம் ஓடிக்கொண்டிருக்கும்.

சேலம் ஒரு காலத்தில் சென்னையை எதிர்பார்த்துக் காத்திருந்த ஊர் அல்ல. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார்; அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் இங்கிருந்துதான் போனது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழுக்கு முழுநீள வண்ணப் படத்தைக் கொண்டுவந்தது. படம் எடுக்கத் தெரிந்த அந்த ஊரில் படத்தைப் பற்றி எழுதும் மரபு மட்டும் வேர்விடவே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். இலக்கியத்தில் அந்தக் குறை இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்துத் திரையரங்கில் சோடா விற்ற பையன்களின் வாழ்க்கையை தொண்ணூறுகளிலேயே 'நிழல்முற்றம்' நாவலாக்கிவிட்டார் பெருமாள்முருகன்.

அவருடைய 'வறுகறி' கதைதான் 'சேத்துமான்' படமானது. தமிழ் என்பவர் இயக்கினார்; பா. ரஞ்சித்தின் நீலம் தயாரித்தது. வசனத்தைப் பெருமாள்முருகனே எழுதினார். பட விழாக்களைச் சுற்றிவிட்டு 2022 மே மாதம் சோனி லிவ்வில் வந்தது. விமர்சித்தவர்கள் அதன் சாதியையும் உணவு அரசியலையும் சரியாகவே பேசினார்கள். ஆனால் பன்றி என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி, சேற்றில் திரியும் மான் என்று பெயர் சூட்டிக்கொள்ளும் நாக்கு எப்படிப்பட்டது? கறிக்குப் பங்கு சேர்ப்பதில் எழும் மனத்தாங்கல் ஏன் பரம்பரைப் பகையாக முற்றுகிறது? பண்ணையக்காரர் கூப்பிடும் குரலில் பாசம் எங்கே முடிந்து அதட்டல் எங்கே தொடங்குகிறது? இவற்றை அந்தக் கதை நடக்கும் மண்ணில் வளர்ந்த ஒருவர் எழுதியிருந்தால் அது வேறு விமர்சனமாக இருந்திருக்கும். படம் எங்கே பொய் சொல்கிறது என்பதையும் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

மதுரை மேலூர்ப் பக்கத்தில் எடுத்த பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' இன்னொரு பாடம். 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. உலகம் அப்போதே எழுதிவிட்டது. தமிழர்கள் வீட்டிலிருந்து பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். அதற்குள் அந்தப் பேச்செல்லாம் ஆறிப்போயிருந்தது.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. திருநாவுக்கரசின் 'நிழல்' இதழ் ஊர் ஊராகக் குறும்படப் பட்டறைகள் நடத்தியது. தமிழ் ஸ்டுடியோ அமைப்பு திரையிடலையும் 'படச்சுருள்' இதழையும் சேர்த்தே வளர்த்தது. ஆனால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது கேரளத்தின் ஒடேசா. இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் தொடங்கிய இயக்கம் அது. கிராமங்களில் படம் காட்டி மக்களிடமே காசு திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' எடுத்து, அதையும் அந்த மக்களிடமே கொண்டுபோனார்கள். பார்த்தவர், பணம் தந்தவர், பேசியவர் எல்லாம் ஒரே ஆள்.

சேலம், நாமக்கல்லில் அவ்வளவு பெரிதாகக்கூட வேண்டாம். தணிக்கைச் சான்றிதழ் கைக்கு வந்ததும், வெளியீட்டுக்கு முந்தைய ஞாயிறு, ராசிபுரத்திலோ சங்ககிரியிலோ கல்லூரி அரங்கு ஒன்றில் ஒரு காட்சி போதும். கூட்டம் முக்கியமில்லை, எழுதக்கூடிய பத்துப் பேர் முக்கியம். ஒரு தமிழாசிரியர், லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்துகொண்டே கதை எழுதுபவர், நூலகர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் வாசகர். இயக்குநர் தன் பங்குக்கு ஒரு பக்கக் கதைச் சுருக்கத்தையும், அச்சில் தெளிவாக விழும் நாலைந்து படங்களையும், வர முடியாதவர்களுக்குக் கடவுச்சொல்லோடு ஒரு இணைப்பையும் தயாராக வைக்க வேண்டும். இருநூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்புவது வீண். இதுபோன்ற படங்களைப் பற்றி முன்பு எழுதியவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கூப்பிட வேண்டும். பாதகமாக எழுதினால் போன் போட்டு வாதாடக் கூடாது. அது மிக முக்கியம். எழுதுபவரும் பரிதாபத்துக்காகப் பாராட்டக் கூடாது. எளியவர் எடுத்தது என்பதற்காகச் சலுகை காட்டினால் அடுத்த முறை அந்த விமர்சகர் பேச்சை எந்த வாசகரும் நம்பமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை படம் முடிகிறது. இரவு உட்கார்ந்து தமிழில் முந்நூறு வார்த்தை எழுதினால் காலையில் அது ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும். சேலத்துப் பகல் காட்சிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.